நான் பார்த்த கிரகணம்: சூரியனே இல்லாத படத்துக்குப் புள்ளி போடலாமா?

வாசிகசாலைத் தம்பி | 2020 ஜனவரி 4

வணக்கம். ஒரு நியாயம் கேட்க வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

டிசம்பர் 26 வளையச் சூரிய கிரகணம் கிளிநொச்சி, முல்லைத்தீவுக்கு மேலாலே போனது எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூட விடுமுறை, பிள்ளைகள் எல்லோரும் வீட்டில். அதை வைத்துக் கண்டாவளைப் பக்கம் எங்கள் ஊர் வாசிகசாலையில் ஒரு சிறுவர் சித்திரப் போட்டி வைத்தோம். தலைப்பு 'நான் பார்த்த கிரகணம்'. 29ஆம் திகதி ஞாயிறு காலை வரச்சொல்லி, தாள் நாங்களே கொடுத்து, அங்கேயே இருந்து கீற வைத்தோம். வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் அண்ணன்மாரும் மாமன்மாரும் கீறித் தருவார்கள் என்ற பயம். பத்து வயதுக்குக் கீழே ஒரு பிரிவு, பதினைந்து வரை ஒரு பிரிவு. பரிசு பொங்கல் விழாவில்.

நாற்பதுக்கு மேல் படம் வந்தது. முக்கால்வாசி ஒரே மாதிரி: கறுத்த வானம், நடுவிலே மஞ்சள் வளையம், கீழே ஒரு பனை, பனையடியில் கண்ணாடி போட்ட ஒரு பெடியன். அதில் பிரச்சினை இல்லை. நாலு படம்தான் எங்களைப் பிரித்து வைத்திருக்கிறது.

ஒன்று தரம் 3 படிக்கும் ஒரு பிள்ளையுடையது. படத்தில் சூரியனே இல்லை. வானமும் இல்லை. ஒரு குசினி. மண் அடுப்பு, பக்கத்தில் இடியப்ப உரல், வாசலில் ஒரு கோழி. நிலம் முழுக்க மஞ்சள் பஸ்டலால் நகத்துண்டு போலச் சின்னச் சின்ன வளைவுகள். அடுத்தது ஐந்து தலை நாகம் சூரியனைக் கவ்விக்கொண்டு நிற்கிற படம். கீழே ஒரு அம்மம்மா தண்ணீர்க் குடத்தில் தர்ப்பை போடுகிறார். மூன்றாவதில் தாள் முழுக்கக் கறுப்பு அப்பி, அடியில் மட்டும் ஒரு மஞ்சள் கோடு. என்ன இது என்று கேட்டால், "என்னை அறைக்குள்ளே விட்டுப் பூட்டிட்டினம், கதவுக்குக் கீழாலே வந்த வெளிச்சம்" என்கிறான். நாலாவது, முல்லைத்தீவில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்த பன்னிரண்டு வயதுப் பெடியன் கீறியது. கடற்கரையில் சனம் வரிசையாகத் தலை குனிந்து நிற்கிறது, மேலே மெல்லிய பிறையாகச் சூரியன்.

நடுவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் குசினிப் படத்தையும் கறுப்புப் படத்தையும் 'தலைப்புக்குப் பொருந்தவில்லை' என்று ஒதுக்கிவிட்டார்கள். பாம்புப் படம் மூடநம்பிக்கையாம். கடற்கரைப் படத்துக்கு முதலிடம் கொடுக்கலாம் என்கிறார்கள், ஆனால் காரணம் கேட்டால் 'பாவம்' என்கிறார்கள். மூன்றாவது நடுவர் வாயே திறக்கவில்லை. நான் நடுவர் இல்லை, ஆனால் தாய்மாருக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். என்ன செய்யலாம்?

குளக்கட்டு | ஜனவரி 4

அந்த முப்பது பனையையும் யார் சொல்லிக் கொடுத்தது என்று முதலில் விசாரியுங்கோ. எங்கள் பக்கத்தில் ஒரு ரியூசன் மாஸ்டர் இருக்கிறார். எந்தப் போட்டி வந்தாலும் முதல் நாளே கரும்பலகையில் கீறிக் காட்டிப் பழக்கிவிடுவார். மரநடுகைக்கும் அதே பனை, அதே பெடியன். டெங்கு ஒழிப்புக்கும் அதே பனை, அதே பெடியன், கூட ஒரு நுளம்பு. கிரகணத்துக்குக் கண்ணாடி போட்டுவிட்டார், அவ்வளவுதான்.

இடத்திலே இருத்திக் கீற வைத்தாலும் மனப்பாடம் வீட்டிலிருந்து வரும், தம்பி.

நிழல் அளப்பவன் | ஜனவரி 5

வவுனியாவில் பௌதிகம் படிப்பிக்கிறேன். குசினிப் படத்தை ஒதுக்கிய நடுவர்கள் அன்று காலை எங்கே இருந்தார்கள் என்று கேளுங்கள்.

கிடுகுக் கூரையில் இருக்கிற ஒவ்வொரு பொத்தலும் ஒரு ஊசித்துளைக் கமரா. மற்ற நாட்களில் கூரையால் வந்து நிலத்தில் விழும் வெளிச்சப் பொட்டு வட்டமாக இருப்பதற்குக் காரணம் பொத்தல் வட்டமாக இருப்பதல்ல, சூரியன் வட்டமாக இருப்பது. பொத்தல் சின்னதாக இருந்து நிலம் போதிய தூரத்தில் இருந்தால், அது முக்கோணப் பொத்தலானாலும் பொட்டு வட்டமாகத்தான் விழும். பொத்தலில் இருந்து நிலத்துக்கு வெளிச்சம் வருகிற தூரத்தை 109 ஆல் பிரியுங்கள், பொட்டின் அகலம் வரும். மூன்று மீற்றர் என்றால் ஏறக்குறைய இரண்டே முக்கால் சென்ரிமீற்றர். சூரியன் பிறையானால் நிலத்தில் கிடக்கிற பொட்டெல்லாம் பிறையாகும். ஆகவே அந்தப் பிள்ளை கீறியது வளைவு அல்ல. ஒவ்வொன்றும் ஒரு சூரியன். சூரியனே இல்லாத படம் என்கிறீர்கள், உங்களிடம் வந்த படங்களிலே அதிகம் சூரியன் இருக்கிற படம் அதுதான்.

இடியப்ப உரலை ஏன் வைத்தாள் என்று யாராவது கேட்டீர்களா? அன்று எங்கள் வீட்டில் நான் அதைத்தான் வெயிலில் பிடித்தேன். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு பிறை சுவரில் விழுந்தது. மா அரிக்கிற அரிதட்டிலும் விழும்.

எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். அவள் கீறிய பிறைகளின் கொம்பெல்லாம் ஒரே பக்கம் பார்க்கிறதா, கண்டபடி கிடக்கிறதா? பார்த்துச் சொல்லுங்கள்.

கறுத்த வானத்துக்கும் ஒரு வார்த்தை. 26ஆம் திகதி வானம் கறுக்கவில்லை. சந்திரன் அன்று தூரத்தில் நின்றதால் சூரியனை முழுக்க மூட அதற்கு அகலம் போதவில்லை. குறுக்களவில் 97 வீதம்தான், பரப்பில் பார்த்தால் 94 வீதம். மிச்சமிருக்கிற 6 வீதமே பகலுக்குப் போதும். வெயில் நிறம் மாறி ஈயம் பூசினது மாதிரி வரும், நிழல் ஓரங்கள் கூர்மையாகும், இருட்டாது. வளையத்தைச் சுற்றி வெள்ளைச் சுவாலை கீறியிருக்கிற பிள்ளைகள் 2017 ஓகஸ்ட் 21 அமெரிக்காவில் தெரிந்த முழுக் கிரகணத்தின் படத்தைப் போனில் பார்த்துக் கீறியிருக்கிறார்கள். அந்த வெளிமண்டலம் நமக்கு வந்த வளையக் கிரகணத்தில் தெரியாது.

பஸ்டல் தூள் | ஜனவரி 5

சேர் சொன்னது சரி. ஆனால் அந்த அடிமட்டத்தை வைத்து அளக்கத் தொடங்கினால் பாம்புப் பிள்ளை அநியாயமாகத் தோற்றுப்போகும். சித்திரப் பாடத்துக்கு விஞ்ஞானப் புள்ளித்திட்டம் வேண்டாம்.

கனகாலம் சித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். ஏழெட்டு வயது வரைக்கும் பிள்ளைகள் கண்ணில் பட்டதைக் கீறுவதில்லை, தமக்குத் தெரிந்ததைக் கீறுவார்கள். எது பெரிய விஷயமோ அது தாளிலும் பெரிதாக வரும். வீட்டுச் சுவருக்கு ஊடாலே உள்ளே சோறு காய்ச்சுகிற அம்மாவும் தெரிவார். சித்திரக் கல்வி ஆய்வாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் இதையெல்லாம் வயது வயதாகப் பிரித்து எழுதிவைத்தார், எங்களுக்குப் பயிற்சிக் கலாசாலையிலே படிப்பித்தார்கள். பிறகு வகுப்பறைக்குப் போனதும் எல்லோரும் மறந்துவிட்டு, 'சூரியனுக்குக் கண் மூக்குக் கீறாதே' என்று அடித்தோம்.

பாம்பை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள்? புளியங்குளத்தில் புதூர் நாகதம்பிரானுக்குப் பொங்கல் என்றால் வன்னி முழுக்கத் திரண்டு போகும். அந்தப் பிள்ளைக்கு நாகம் என்பது பஞ்சாங்கத்து இராகு கேது இல்லை, வருடா வருடம் போய்க் கும்பிடுகிற சாமி. அந்தச் சாமி ஏன் சூரியனைப் பிடித்தது என்று அந்தப் பிள்ளை யோசித்திருக்கும். குறளிலேயே திங்களைப் பாம்பு கொண்டது வருகிறது. வள்ளுவருக்கும் புள்ளி வெட்டுவார்களா?

தம்பி, நான் ஒன்று கேட்கிறேன். அந்த நாகத்துக்குக் கண் எப்படி இருக்கிறது? கோபமாகவா?

வாசிகசாலைத் தம்பி | ஜனவரி 5

ரீச்சர், படத்தைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தேன். ஐந்து தலையில் ஒரு தலைதான் கவ்வுகிறது. மற்ற நாலும் கீழே அம்மம்மாவைப் பார்க்கிறது. அவ போடுகிற தர்ப்பையைப் பார்க்கிறது என்றும் சொல்லலாம். கோபம் இல்லை. களவு எடுத்துப் பிடிபட்ட முழி.

பஸ்டல் தூள் | ஜனவரி 5

இதை விட்டுவிட்டா முப்பது பனைக்குப் பரிசு கொடுக்கப் போகிறீர்கள்?

குளக்கட்டு | ஜனவரி 5

ரீச்சர் கோபிக்கக்கூடாது. தலைப்பு 'நான் பார்த்த கிரகணம்'. நாகத்தைப் பெடியன் எங்கே பார்த்தவன்? தலைப்புக்குப் பொருந்தாது என்று குசினிப் படத்தை வெட்டினவை, நியாயப்படி இதைத்தானே முதலில் வெட்டியிருக்க வேணும்?

பஸ்டல் தூள் | ஜனவரி 6

அவன் பார்த்தது அம்மம்மா தர்ப்பை போட்டதை. நாகத்தைப் பார்த்தது அம்மம்மா. இரண்டையும் ஒரே தாளில் கீறியிருக்கிறான்.

ஸ்காபரோச் சிவம் | ஜனவரி 6

புலத்திலிருந்து எழுதுகிறேன். முயற்சிக்குப் பாராட்டு. முதற்பரிசுக்கு ஒரு ரப்லெட் நான் வாங்கி அனுப்பத் தயார், மற்றப் பரிசுகளுக்கும் பணம் போடலாம். இரண்டே இரண்டு வேண்டுகோள். ஒன்று, மேடையில் என் அப்பா அம்மாவின் பெயர் போட்டு ஒரு பனர் கட்ட வேண்டும். இரண்டு, 2020 வந்துவிட்டது, இன்னும் பாம்பு விழுங்குகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் எப்போது முன்னேறுவது? விஞ்ஞானத் தலைப்பு என்று தெளிவாக அறிவித்துத் திரும்ப நடத்துங்கள். கணினியில் கீறுகிற பிரிவும் வைக்கலாம்.

குளக்கட்டு | ஜனவரி 6

சிவம் அண்ணை, பனரில் உங்கள் அப்பா அம்மாவின் படம் சூரியனை விடப் பெரிதாக வருமா? ரீச்சர் சொன்ன மாதிரி, எது பெரிய விஷயமோ அது தாளில் பெரிதாக வரும்.

முல்லைக்கரை | ஜனவரி 6

நான் அந்தக் கடற்கரைப் படத்தைப் பற்றிக் கதைக்க வேண்டும். யாரும் அதைத் தொடவில்லை.

டிசம்பர் 26 எங்களுக்குக் கிரகண நாள் இல்லை. சுனாமி நாள். 2004இல் அலை வந்தது காலையில். வருடா வருடம் 9.25 தொடக்கம் 9.27 வரை இரண்டு நிமிடம் மௌனமாக நிற்போம். இந்த முறை பதினைந்தாவது வருடம். கிரகணம் எட்டுப் பத்து அளவில் தொடங்கிவிட்டது. நாங்கள் கடற்கரையில் நிற்கிற நேரம் வெயில் குறைந்துகொண்டே வந்து, ஒரு மாதிரிச் சாம்பல் வெளிச்சம். வளையம் வந்தது அதற்குச் சில நிமிடம் கழித்துத்தான். நிறையப் பேர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. என்னுடைய மாமி மட்டும் 'கடலைப் பார், கடலைப் பார்' என்று சொல்லிக்கொண்டு நின்றா.

அந்தப் பெடியன் சூரியனை வளையமாகக் கீறாமல் பிறையாகக் கீறியிருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். 9.25க்கு அது பிறைதான். மற்றப் பிள்ளைகள் எல்லாம் வளையம் கீற, இவன் பிறை கீறினான் என்றால் சனம் தலை குனிந்து நின்ற நேரத்தில் இவன் மேலே பார்த்திருக்கிறான். (கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்திருந்தால் சரி.)

அதற்குப் பாவம் பார்த்துப் பரிசு கொடுக்காதீர்கள். படம் நன்றாக இருந்தால் கொடுங்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பிறக்கும் முதலே நடந்த விஷயத்துக்கு, எங்கே போனாலும் இவர்களுக்குப் பாவம் என்றே புள்ளி விழுகிறது. அவர்களுக்கும் அது பிடிக்காது.

நிழல் அளப்பவன் | ஜனவரி 6

அக்கா சொன்ன நேரம் சரி. வடக்கில் வளையம் விழுந்தது ஒன்பதரை தாண்டி. மூன்று நிமிடம் போல நின்றது.

செட்டிகுளம் 2010 | ஜனவரி 7

வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதில் நானும் ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

2010 ஜனவரி 15இல் வந்ததும் வளையக் கிரகணம்தான், பொங்கலுக்கு மறுநாள். இந்த ஆயிரமாண்டிலேயே மிக நீண்ட வளையம் என்று பிறகு வாசித்தேன். யாழ்ப்பாணத்தில் பத்து நிமிடம் நின்றதாம். நாங்கள் அப்போது, போரில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளத்து முகாமில். எனக்கு ஒன்பது வயது. மத்தியானம் ஒரு மணி தாண்டியிருக்கும். தறப்பாள் கொட்டிலுக்குள் வெக்கை தாங்காமல் படுத்திருந்தேன். தறப்பாளில் பொத்தல்கள். நிலத்தில் விரித்திருந்த பாய் மேல், என் கையின் மேல், தங்கச்சியின் சட்டை மேல், எல்லா இடமும் வளையம் விழுந்தது. தங்கச்சி ஒவ்வொன்றாகப் பிடித்து மோதிரம் போடப் பார்த்தாள். வெளியே யாரோ ஒரு அண்ணை எக்ஸ்ரே படத்தை வைத்து மேலே பார்த்துக்கொண்டு நின்றார், வரிசையில் நின்று நானும் பார்த்தேன். ஆனால் ஞாபகத்தில் நிற்பது பாயில் விழுந்ததுதான்.

அன்று யாராவது தாளும் கலரும் தந்து 'நீ பார்த்ததைக் கீறு' என்று சொல்லியிருந்தால் நானும் சூரியன் கீறியிருக்க மாட்டேன். அந்தக் குசினிப் பிள்ளைக்கு என் புள்ளி.

நிழல் அளப்பவன் | ஜனவரி 7

தம்பி, உங்கள் பாயில் விழுந்தது தடித்த வளையமாக இருந்திருக்கும். 2010இல் சந்திரன் இன்னும் சின்னதாகத் தெரிந்தது, சூரியனின் குறுக்களவில் 92 வீதம்தான். இந்த முறை வளையம் மெல்லிசு.

எக்ஸ்ரே படம் பற்றி ஒரு எச்சரிக்கை, மற்றவர்களுக்காக. எக்ஸ்ரே படம், கூலிங் கிளாஸ், புகை பிடித்த கண்ணாடி எதுவும் போதாது. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைக் குறைத்தாலும் தெரியாத அகச்சிவப்பை உள்ளே விடும். விழித்திரையில் வலி தெரியாது. சுட்டது சில மணித்தியாலம் கழித்துப் பார்வை மங்கும்போதுதான் விளங்கும். பதினாலாம் இலக்க வெல்டிங் கண்ணாடி பரவாயில்லை. அது இல்லாவிட்டால் அரிதட்டு, இடியப்ப உரல், முதுகைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டு நிலத்தைப் பார்ப்பது. செலவே இல்லை.

கதவு மூடினவள் | ஜனவரி 7

கறுப்புப் படம் கீறின பிள்ளையின் தாய் நான் இல்லை. ஆனால் நானும் என் மகனைப் பூட்டித்தான் வைத்திருந்தேன், அதனால் எழுதுகிறேன்.

எல்லோரும் எங்களைப் படிப்பறிவில்லாதவர்கள் என்று நினைக்கிறீர்கள். எங்கள் ஊரில் கண்ணாடி தருவதாகச் சொன்னார்கள், வந்தது மிகக் கொஞ்சம். ஏழு வயதுப் பெடியனை முற்றத்தில் விட்டுவிட்டு 'மேலே பார்க்காதே' என்றால் கேட்பானா? மாமி தோஷம் என்றா, நான் கண் என்றேன், இரண்டு பேரும் சேர்ந்துதான் பூட்டினோம். சேர் இப்போது சொல்கிற இடியப்ப உரல் கதை அன்றைக்கு யாராவது வந்து சொல்லியிருந்தால் பூட்டியிருக்க மாட்டேன்.

ஆனால் அந்தக் கதவுக் கோட்டைப் பற்றி வாசித்ததிலிருந்து நெஞ்சுக்குள் ஒரு மாதிரி. என் மகனும் அதைத்தானே பார்த்துக்கொண்டு இருந்திருப்பான்.

பஸ்டல் தூள் | ஜனவரி 7

உங்களில் பிழை இல்லை, பிள்ளை. நானும் என் பேரனைக் கிட்டத்தட்டப் பூட்டித்தான் வைத்தேன்.

வாசிகசாலைத் தம்பிக்கு: அந்தக் கறுப்புப் படத்தைத் தடவிப் பாருங்கள். ஒரே கறுப்பா, அடியிலே வேறு கலர் இருக்கிறதா?

வாசிகசாலைத் தம்பி | ஜனவரி 8

நேற்று நிறைய நடந்தது, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் சேர் கேட்ட கேள்வி. குசினிப் படத்தை மேசையில் விரித்து லைட் போட்டுப் பார்த்தேன். அடுப்புப் பக்கம் கிடக்கிற பிறைகள் எல்லாவற்றுக்கும் கொம்பு ஒரே பக்கம். வாசல் பக்கம் கிடக்கிறவைக்கு எல்லாம் எதிர்ப்பக்கம். இரண்டுக்கும் நடுவில், கோழிக்குப் பக்கத்தில், ஐந்தாறு முழு வளையம். படத்தைப் போன கிழமையே பார்த்தவன் நான், இதைக் கவனிக்கவில்லை. நடுவர்களும் கவனிக்கவில்லை.

பின்னேரம் அவள் வீட்டுக்குப் போனேன். ஏன் இப்படிக் கீறினாய் என்று கேட்டேன். "கோழி வர முதல் அங்காலே பார்த்தது, கோழி வந்து போனாப் பிறகு இங்காலே திரும்பிட்டுது" என்றாள். தாய் இடியப்பம் பிழிந்துகொண்டு இருந்தாவாம், உரலைத் தூக்கும்போது அதன் நிழலிலும் வந்ததாம். மேலே பார்க்கக்கூடாது என்று தாய் சொன்னதால் அவள் கீழேயே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அவ்வளவு நேரமும்.

சேர், இது சரியா? உண்மையிலேயே திரும்புமா?

நிழல் அளப்பவன் | ஜனவரி 8

திரும்பும். சந்திரன் ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகிறது. வளையத்துக்கு முதல் சூரியனில் எந்தப் பக்கம் மிஞ்சியிருந்ததோ, வளையத்துக்குப் பிறகு அதற்கு எதிர்ப்பக்கம்தான் முதலில் வெளிக்கும். நிலத்தில் விழுகிற பிம்பம் தலைகீழ், ஆனால் இரண்டு முறையும் தலைகீழ் என்பதால் திரும்புவது திரும்புவதுதான்.

உயர்தர மாணவர்களுக்கு இதைப் படம் போட்டு விளக்க எனக்கு ஒரு பாடவேளை வேண்டும். இவள் ஒரு கோழியை நடுவில் நிறுத்தி முடித்துவிட்டாள்.

பஸ்டல் தூள் | ஜனவரி 8

சேர், இப்போது நான் உங்கள் பக்கம் வரலாம். முன்பு நடந்தது, பிறகு நடந்தது இரண்டையும் ஒரே தாளில் வைப்பது அந்த வயதுப் பிள்ளைகளின் வழக்கம். வகுப்பில் பயணம் கீறச் சொன்னால் புறப்பட்ட வீடும் போய்ச் சேர்ந்த கோவிலும் ஒரே தாளில் இருக்கும். பெரியவர்கள் அதைத்தான் 'ஒழுங்கில்லை' என்று திருத்துகிறோம்.

குளக்கட்டு | ஜனவரி 8

அப்போ கோழி நேரம் காட்டினதா! அந்தக் கோழிக்கும் ஒரு சான்றிதழ் அடியுங்கோ.

சரி, எங்கள் பனைப் பிள்ளைகளின் கதி என்ன? பரியாரியார் வீட்டில் உலக்கையைத் தட்டில் நிறுத்தினதை யாராவது கீறினவையா? எங்கள் ஊரில் அன்று மூன்று வீட்டில் உலக்கை நின்றது.

நிழல் அளப்பவன் | ஜனவரி 8

உலக்கை இன்றைக்கும் நிற்கும், அண்ணை. அடி தட்டையான உலக்கையைப் பொறுமையாக நிறுத்தினால் நாளைக்கும் நிற்கும்.

வாசிகசாலைத் தம்பி | ஜனவரி 9

ரீச்சர் கேட்டதற்குப் பதில். கறுப்புப் படத்தில் பஸ்டலை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்தேன். அடியிலே பச்சையும் நீலமும் இருக்கிறது. பெடியனிடம் கேட்டேன். முதலில் முற்றம், மாமரம், வானம் எல்லாம் கீறிவிட்டுப் பிறகு கறுப்பை அப்பியிருக்கிறான். "வெளியிலே இருந்தது, ஆனா எனக்குத் தெரியேல்லை" என்றான். நடுவர் ஒருவரும் பக்கத்தில் நின்றார். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு தன் புள்ளித்தாளை வாங்கி வெட்டிவிட்டுத் திரும்ப எழுதினார்.

மற்ற நடுவர் அசையவில்லை. சித்திரம் என்றால் பார்த்தவுடனே விளங்க வேண்டும், பிள்ளையின் வீட்டுக்குப் போய் விளக்கம் கேட்டுத்தான் புள்ளி போட வேண்டும் என்றால் அது போட்டியே இல்லை என்கிறார். மற்ற நாற்பது பிள்ளைகளின் வீட்டுக்கும் போனாயா என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. இதற்கு உங்களிடம் பதில் இருந்தால் சொல்லுங்கள்.

பஸ்டல் தூள் | ஜனவரி 9

பதில் இருக்கிறது, ஆனால் வேலை கூட. எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். ஒவ்வொருவரும் தன் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவருக்கு முன்னால் ஒரு நிமிடம் கதைக்கட்டும். இது என்ன, நீ எங்கே நின்றாய், அவ்வளவுதான் கேள்வி. பனை கீறிய பிள்ளைகளிடமும் கேளுங்கள். எந்தப் பனை என்று கேளுங்கள். சிலர் வடிவாகச் சொல்வார்கள், அவர்களையும் நாங்கள் இங்கே ஒட்டுமொத்தமாகக் கழித்துவைத்திருக்கிறோம்.

சின்னப் பிரிவுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று வைக்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். எல்லோருக்கும் ஒரு பஸ்டல் பெட்டி. பெரிய பிரிவுக்குப் போட்டி இருக்கட்டும், அவர்களுக்கு அது பிடிக்கும்.

ஸ்காபரோச் சிவம் | ஜனவரி 9

எல்லோருக்கும் பஸ்டல் பெட்டி என்றால் அந்தச் செலவு என்னுடையது. ரப்லெட் வேண்டாம், விடுங்கள். பனரும் வேண்டாம், குளக்கட்டார் இனிமேல் என்னைச் சும்மா விடமாட்டார். பாம்பு விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஆனால் அந்தக் களவு முழியைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

நிழல் அளப்பவன் | ஜனவரி 9

இடையில் ஒரு தகவல். நாளை வெள்ளி நள்ளிரவு தாண்டிச் சந்திர கிரகணம் இருக்கிறது, ஆனால் புறநிழல், அதாவது பூமியின் மெல்லிய வெளிநிழல் மட்டும். கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. பிள்ளைகளை எழுப்பி வைத்து ஏமாற்ற வேண்டாம்.

வாசிகசாலைத் தம்பி | ஜனவரி 16

பொங்கல் விழா நேற்று முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிட்டுக் கதைக்க வைத்தோம். ஒரு நிமிடம் என்றது பலருக்கு ஐந்து நிமிடமானது, மத்தியானச் சாப்பாடு மாதர் சங்கம் தந்ததால் தப்பினோம். ரீச்சர் சொன்னது நடந்தது. பனை கீறிய ஒரு பெடியன், அது தங்கள் வீட்டு வேலிப் பனை என்றும், ஷெல் பட்டு வட்டுப் போனது, அதனால்தான் ஓலை கீறவில்லை என்றும் சொன்னான். நாங்கள் அதுவரை அவன் ஓலை கீற நேரம் காணாமல் விட்டான் என்று நினைத்திருந்தோம்.

சின்னப் பிரிவில் இலக்கம் போடவில்லை. எல்லோருக்கும் பஸ்டல் பெட்டி. பெரிய பிரிவில் கடற்கரைப் படம் முதலாவது. அந்தப் பெடியனிடம் எங்கே நின்றாய் என்று கேட்டதற்கு, வளையம் வரும் என்று தெரியும், ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்குப் பிறகு பார்த்ததைக் கீற விருப்பமில்லை என்றான். கண்ணாடி போட்டிருந்தானாம், முல்லைக்கரை அக்காவுக்காகக் கேட்டுவைத்தேன். இரண்டாவது இடம் ஓலை இல்லாத பனை.

அசையாத நடுவர் விழாவுக்கு வந்தார், மேடையில் ஏறவில்லை. குசினிப் பிள்ளையின் தாய்க்கும் கோபம். இவ்வளவு கதைத்துவிட்டு முதலாம் பரிசு ஏன் இல்லை என்கிறா. தரம் 3 பிள்ளைகளுக்கு இடம் போடவில்லை என்று விளக்கினேன், அவவுக்குச் சமாதானம் இல்லை.

படங்கள் எல்லாம் இப்போது வாசிகசாலைச் சுவரில். ஒரு சந்தேகம். எங்கள் கட்டிடத்தில் கறையான் தொல்லை. பிறிஸ்டல் போட்டில் ஒட்டினால் அதை முதலில் தின்னும். என்ன செய்யலாம்?

செட்டிகுளம் 2010 | ஜனவரி 16

குசினிப் படத்தை மட்டும் ஸ்கேன் பண்ணி எனக்கு அனுப்ப முடியுமா? தங்கச்சிக்குக் காட்ட வேண்டும்.

பஸ்டல் தூள் | ஜனவரி 17

சுவரில் நேரே ஒட்டாதீர்கள். நைலோன் கயிறு கட்டி, உடுப்புக் கிளிப்பால் தொங்கவிடுங்கள், சுவருக்கும் தாளுக்கும் இடையில் ஒரு சாண் இருக்கட்டும். லமினேட் பண்ணுவது என்றால் பஸ்டல் படங்களைப் பண்ணாதீர்கள், மெழுகு சூட்டில் இளகிக் கலர் பரவும். அந்தக் கறுப்புப் படம் முழுக்க நாசமாகிவிடும். அதற்கு மேலே ஒரு ரிசு தாள் வைத்துக் கண்ணாடிச் சட்டம் போடுங்கள். தொடுகிறவர்கள் கையெல்லாம் கறுப்பாகும்.

குளக்கட்டு | ஜனவரி 17

அடுத்த போட்டி எப்போது? ரியூசன் மாஸ்டர் கேட்டுத் தொல்லைப்படுத்துகிறார்.

நிழல் அளப்பவன் | ஜனவரி 17

ஜூன் 21 ஞாயிறு ஒரு கிரகணம் இருக்கிறது. வளையம் வட இந்தியாவில், நமக்குச் சூரியனில் ஒரு கடி மட்டும். திரும்ப வட இலங்கையைத் தொட்டுக்கொண்டு வளையம் போவது 2031 மே 21. தரம் 3 பிள்ளைக்கு அப்போது இருபது வயதாகிவிடும்.

வாசிகசாலைத் தம்பி | ஜனவரி 18

ஜூனில் வைப்போம். தலைப்பு இப்போதைக்குச் சொல்லமாட்டேன், மாஸ்டர் இந்த இழையை வாசிக்கிறார் என்று கேள்வி. சேர், அன்று நீங்கள் வவுனியாவிலிருந்து வந்து, கிரகணத்துக்கு முதலே தாய்மாருக்கு அந்த இடியப்ப உரலைக் காட்ட வேண்டும். பஸ் காசு நாங்கள் தருவோம்.

நிழல் அளப்பவன் | ஜனவரி 18

வருகிறேன். உரல் நீங்கள் எடுத்து வையுங்கள், எங்கள் வீட்டு உரலை இனி வெளியே கொண்டுபோகக் கூடாதாம்.